சேவ் ஆகவில்லையா? அவசரப்பட்டு மூடாதீர்கள்!



இந்த முறை ஒரு சின்ன விஷயத்தைப் பேசலாம் என்றிருக்கிறேன். சின்னதுதான். ஆனால், பெங்களூரில் பிள்ளைகள் படிக்கிற வீடுகளில் அது கிளப்பும் கலவரம் சின்னதல்ல.

நாளைக்கு ஸ்கூலில் பிபிடி, அதாவது பவர்பாயின்ட் பிரசன்டேஷன், காட்ட வேண்டும். கடைசி ஸ்லைடில் ‘நன்றி’ என்று டைப் அடித்தாயிற்று. சேவ் கொடுத்தால், சேமிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. மறுபடி அழுத்தினாலும் அதே பெட்டி. பிள்ளைக்கு அழுகை முட்டுகிறது. “ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாரு” என்கிறார் அப்பா. “அப்பவே ஆரம்பின்னு சொன்னேன், கேட்டியா?” என்கிறார் அம்மா.

பிள்ளைகளுக்கு மட்டுமா இந்தப் பாடு? அபார்ட்மென்ட் சங்கத்தின் வரவு செலவைத் திரையில் காட்ட வேண்டிய பொருளாளர், அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் பேசத் தயாராகும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வீட்டிலிருந்தே கேட்டரிங் நடத்திக்கொண்டு கம்பெனிகளுக்கு மெனு அனுப்பும் சகோதரி என்று இதில் மாட்டாதவர்கள் குறைவு.

நான் சொல்ல வந்தது இதுதான். சேவ் ஆகவில்லை என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. திரையில் தெரிகிற ஸ்லைடுகள் எல்லாம் கணினியின் தற்காலிக நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பவர்பாயின்ட்டை மூடினால்தான், கணினியை ஆஃப் செய்தால்தான் அவை போகும். நம்மில் பலர் பதற்றத்தில் முதலில் செய்வதே அதைத்தான். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே, பெட்டி வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் அந்த வாசகம்தான் வழி காட்டும். அடுத்து, கீபோர்டில் எஃப்12 விசையை அழுத்துங்கள். ‘சேவ் ஆஸ்’ திறக்கும். பழைய இடம் வேண்டாம், டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய பெயரும் வேண்டாம், ‘டெஸ்ட்1’ போல ஒரு சின்னப் பெயர் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? புதிதாக ஒரு காலி ஃபைலைத் திறந்து, பழையதில் உள்ள எல்லா ஸ்லைடுகளையும் காப்பி செய்து அதில் பேஸ்ட் செய்து சேவ் செய்யுங்கள். அதுவும் மறுத்தால் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து பாருங்கள். அனிமேஷன் போய்விடும். ஆனால், காலையில் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

சரி, இது ஏன் நடக்கிறது?

முதல் சந்தேகம், சேவ் செய்யும் இடத்தின் மேல். பவர்பாயின்ட் சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேலேயே நேரடியாக எழுதுவதில்லை. முதலில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, அது முழுதாக முடிந்த பிறகே பழையதற்குப் பதிலாக வைக்கிறது. அதனால், ஏறக்குறைய நிரம்பிவிட்ட பென் டிரைவில் சேவ் பாதியில் நிற்கும். முடிவதற்குள் பிடுங்கிவிட்டாலும் அதே கதிதான். பென் டிரைவில் நேரடியாக வேலை செய்யாதீர்கள். கணினியில் செய்து முடித்து, பிறகு பென் டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் வாங்காத பெங்களூர்வாசி உண்டா? நல்ல கடைகள் நிறைய உள்ள தெரு அது. ஆனால், எந்த ஊர்க் கடையானாலும் ஆன்லைன் ஆனாலும், நம்ப முடியாத விலைக்குப் பெரிய கொள்ளளவு என்று யாராவது கொடுத்தால் யோசியுங்கள். போலி பென் டிரைவ்கள் உள்ளே இருப்பதைவிடப் பல மடங்கு இடம் இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லும். சேவ் ஆனது போலவே காட்டும். ஸ்கூலில் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பில்லோடு, தெரிந்த கம்பெனிப் பொருளாக வாங்குவது நல்லது.

வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்த பிபிடியை அங்கேயே திறந்து திருத்துவதும் ஆபத்து. அது தற்காலிக இடத்தில் திறந்திருக்கும். சேவ் ஆகாது, அல்லது சேவ் ஆகிக் கண்ணில் படாத ஏதோ ஒரு ஃபோல்டரில் ஒளிந்துகொள்ளும். முதலில் டவுன்லோட் செய்து, நமக்குத் தெரிந்த இடத்தில் வைத்துவிட்டுத் திருத்தத் தொடங்குங்கள்.

இரண்டாவது சந்தேகம், பெயர் மேல். ஆகஸ்ட் 15 விழாவுக்கு ‘15/8 விழா’ என்று பெயர் வைத்தால் விண்டோஸ் ஏற்காது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்றவை ஃபைல் பெயரில் வரக்கூடாது. ‘15-8 விழா’ என்றால் பிரச்சினை இல்லை.

நீளமும் முக்கியம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போகும் முழு முகவரியும் ஃபைல் பெயரும் சேர்ந்து பொதுவாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். இதில் தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘பெங்களூரு’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது! கொம்பு, புள்ளி, சுழி ஒவ்வொன்றையும் அது தனி எழுத்தாக எண்ணுகிறது. தமிழில் தாராளமாகப் பெயர் வையுங்கள். சுருக்கமாக வையுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, தமிழ் ஃபான்ட். பவர்பாயின்ட்டில் ஃபான்ட்டையும் ஃபைலோடு சேர்த்து சேவ் செய்யும் வசதி இருக்கிறது. ஆனால், ஃபான்ட்டை உருவாக்கியவர் அதற்கு அனுமதி தராவிட்டால், ‘சில ஃபான்ட்களைச் சேமிக்க முடியாது’ என்று செய்தி வரும். அப்படியே விட்டுவிட்டால், பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த தமிழ், வேறு கணினியில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். அந்தப் பழைய ஃபான்ட்களில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் வெறும் தோற்றம். ஆகவே யூனிகோடில் டைப் அடியுங்கள். விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐ, அல்லது இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

நான்காவது, கணினியின் காவல்காரர்கள். 2017-இல் விண்டோஸ் 10-இல் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற பாதுகாப்பு வந்தது. நம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல்களைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. யாராவது அதை ஆன் செய்திருந்தால், சில சமயம் நாம் பயன்படுத்தும் மென்பொருளையே டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுத விடாது. காவலை எடுத்துவிடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் அந்த மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

ஐந்தாவது, கிளவுட். கூகுள் ஸ்லைட்ஸில் வேலை செய்தால் சேவ் பற்றிக் கவலையே இல்லை என்று நினைக்கிறோம். ஆனால், கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான். அதை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் முதல் நம் போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. அம்மாவின் அக்கவுன்ட்டையே பிள்ளையும் பயன்படுத்துகிற வீட்டில், கிரகப்பிரவேச வீடியோக்கள் இடத்தை அடைத்துக்கொண்டால் பிள்ளையின் புராஜெக்ட்டுக்கு எங்கே இடம்?

எல்லாம் சரி, பதற்றத்தில் மூடியே விட்டோம், என்ன செய்வது? அப்போதும் நம்பிக்கை இழக்க வேண்டாம். பவர்பாயின்ட் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு மீட்புப் பிரதி எடுத்து வைக்கிறது. ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் பிரசன்டேஷன் என்று போனால், ‘ரெகவர் அன்சேவ்டு பிரசன்டேஷன்ஸ்’ என்று இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

ஃபைல் இருக்கிறது, ஆனால் திறக்க மறுக்கிறது என்றால் இன்னொரு வழி. பிபிடிஎக்ஸ் என்று முடியும் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். டிபன் கேரியர் மாதிரி, ஸ்லைடுகள் ஒரு அடுக்கில், படங்கள் ஒரு அடுக்கில் இருக்கும். ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள பிபிடிஎக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ‘பிபிடி’ ஃபோல்டரில் ‘மீடியா’ என்று ஒன்று இருக்கும். பல சமயங்களில் படங்களையாவது மீட்டுவிடலாம். இலவசமான லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸிலும் திறந்து பாருங்கள். பவர்பாயின்ட் கைவிட்டதை அது சில நேரம் திறந்துவிடும்.

கோடை மழை வந்தால் நம் ஊரில் மரம் விழுவதும், கரன்ட் போவதும், மின்சார நிறுவனமான பெஸ்காமுக்கு போன் அடிப்பதும் வழக்கம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு, மீட்புப் பிரதிக்கான அந்தப் பத்து நிமிடம் என்பதே நீண்ட நேரம். பவர்பாயின்ட்டின் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் அதை இரண்டு அல்லது மூன்று நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

இதோடு, வேறொரு இடத்தில் இன்னொரு பிரதியும் வேண்டும். 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழியத் தொடங்கியது. பேக்கப்பும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டில் இருந்த ஒரு பிரதி. கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக அவர் வைத்திருந்த பிரதி அது. அவ்வளவு பெரிய ஸ்டூடியோவுக்கே இரண்டாவது பிரதிதான் கைகொடுத்தது என்றால், நம் வீட்டுக்கு அது வேண்டாமா?

ஃபைலைப் பத்திரமாக வைப்பதை எல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். கேஸ் சிலிண்டரை எப்படி மூடுவது என்று சொல்லித் தருகிறோம். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறோம். ஒரு ஃபைலை எங்கே, எந்தப் பெயரில் வைப்பது என்று மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. தவறு நடந்தால் திட்டு மட்டும் விழுகிறது. திட்டுக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை சொல்லாமலே மூடிவிடும். மீட்டிருக்கக்கூடிய வேலையும் அங்கேதான் போகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்களேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரு ஃபோல்டர். முதல் ஸ்லைடு போட்டவுடனே பெயர் கொடுத்து சேவ் செய்யும் பழக்கம். வேலை முடிந்ததும் இன்னொரு இடத்தில் ஒரு பிரதி. இந்த மூன்றும் வழக்கமாகிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “சேவ் ஆகலை மிஸ்” என்று வரும் குழந்தை எப்போதும் சாக்குச் சொல்வதில்லை. அந்தப் பெட்டியின் போட்டோவைக் கொண்டுவந்தால் ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு சிக்கல் வந்து, நீங்களே வழி கண்டுபிடித்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். ஒரு வீட்டில் கண்ட தீர்வு பத்து வீடுகளுக்குப் போய்ச் சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்