சுண்ணாம்புக் கால்கள்



உங்கள் பிள்ளையின் தட்டில் ஓர் ஈ வந்து உட்காருகிறது. கையால் விரட்டிவிட்டு, “போய்விட்டது, நீ சாப்பிடு” என்கிறோம். போனது ஈ மாத்திரமே. அது சுமந்துவந்த அசுத்தம் தட்டிலேயே தங்கிவிடுகிறது.

1898-ஆம் ஆண்டு ஸ்பெயினோடு யுத்தம் செய்த அமெரிக்கா, தன் தேசத்திலேயே பாளையங்கள் அமைத்துப் போர்வீரரைத் திரட்டியது. அங்கே 20,000-க்கும் அதிகமானோர் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தார்கள். காரணத்தை ஆராய்ந்த மருத்துவர் வால்ட்டர் ரீட் குழுவினர் ஒரு காட்சியைப் பதிவு செய்தனர். மலக்குழிகளில் தூவியிருந்த சுண்ணாம்பு, சாப்பாட்டுக் கூடாரத்தில் உணவின்மேல் நடந்த ஈக்களின் கால்களில் வெண்மையாய் ஒட்டியிருந்தது! அவை எங்கிருந்து வந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? நம் வீட்டு ஈயின் கால்களில் சுண்ணாம்பு இல்லை. ஆகவே நாம் அஞ்சுவதுமில்லை.

ஈக்குப் பற்கள் இல்லை. திடமான உணவின்மேல் உமிழ்நீரையும் இரைப்பையில் உள்ளதையும் கக்கி, கரைத்தே உறிஞ்சுகிறது. அங்கேயே எச்சமும் இடுகிறது. சீதபேதி, டைபாய்டு, காலரா ஆகியவற்றின் கிருமிகளும், அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும், உருளைப்புழுவின் முட்டைகளும் இவ்விதமாய் நம் உணவில் சேரக்கூடும். பாகிஸ்தானின் சில கிராமங்களில் மருந்து தெளித்து ஈக்களைக் கட்டுப்படுத்தியபோது, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்ததாக 1999-இல் ஓர் ஆய்வு அறிவித்தது.

மும்பையிலும் டெல்லியிலும் ஒற்றை அறையில் குடியிருந்து, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நம்மில் அநேகம். உணவை மூடிவைப்பது அவசியம். ஆனால் அது பாதி வேலையே. வெப்பகாலத்தில் ஏறக்குறைய 10 நாட்களில் ஈயின் முட்டை ஈயாகிவிடும். ஆகையால் குப்பையை மூடியுள்ள வாளியில் சேர்த்து, தினந்தோறும் அகற்றுங்கள். குழந்தையின் மலத்தைச் சாக்கடையில் எறியாமல் கழிப்பறையில் போட்டு, சோப்பினால் கைகழுவுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால், பொட்டலத்தில் குறித்துள்ள அளவு சுத்தமான நீரில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்து, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

தெருமுனைக் குப்பைமேட்டில் பிறக்கும் ஈ, எந்த வீடு யாருடையது என்று பார்ப்பதில்லை. அயலகத்தாருடன் சேர்ந்து மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள். மொழி தடையானால், அம்மொழி அறிந்த பக்கத்து வீட்டாரையே முன்னிறுத்துங்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே தெருவில்தானே உண்கிறார்கள்?