தீர்ப்பும் மேல்முறையீடும்

பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது தன் பிழையை உணர்ந்தான். ஆயினும் போன உயிரை மீட்க வழியில்லை. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையே மறுமுறை எண்ணிப் பார்க்க இடமில்லாமற் போனதே அக்கேட்டிற்குக் காரணமாகும். அவ்விடத்தை இக்காலச் சட்டம் மேல்முறையீடு என்னும் பெயரால் அமைத்துள்ளது.

செஷன்ஸ் நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்த்தால், அவர் 60 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் முறையிடலாம். மரண தண்டனையாயின் 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். அங்கே வழக்கு முதலிலிருந்து நடைபெறுவதில்லை. சாட்சிகளும் பொதுவாக மீண்டும் அழைக்கப்படுவதில்லை. பதிவான சாட்சியங்களைப் படித்து, இரு தரப்பு வாதங்களையும் கேட்டு, தீர்ப்பு சான்றுக்கும் சட்டத்துக்கும் பொருந்துகிறதா என்று நீதிபதிகள் ஆராய்வர். பின்னர்த் தண்டனையை உறுதி செய்யலாம், குறைக்கலாம், விடுதலையும் செய்யலாம். மரண தண்டனையோ, குற்றவாளி முறையிடாவிடினும், உயர்நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேறாது.

குற்றவாளிகள் தப்புவதற்கே இவ்வழி பயன்படும் என்பார் சிலர். அவர்கள் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை நினைத்துப் பார்த்தல் நன்று. அவ்வழக்கில் நடிகர்களான தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டை ஏற்கவில்லை. அக்காலத்தில் இறுதி முறைமன்றமாக விளங்கிய இலண்டன் பிரிவி கவுன்சிலை அவர்கள் நாடினர். அது வழக்கை மீண்டும் ஆராயுமாறு உயர்நீதிமன்றத்திற்கே அனுப்பியது. 1947இல் இருவரும் விடுதலை பெற்றனர். முதல் தீர்ப்பே முடிவாக இருந்திருப்பின், அவர்கள் வாழ்நாள் சிறையிலேயே கழிந்திருக்கும்.

எனினும் சிறையில் கழிந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை எந்த மன்றத்தாலும் திருப்பித் தர இயலவில்லை. ஆகவே மேல்முறையீடு விரைந்து முடிதலும் வேண்டும். மேலும், பெரும்புகழ் படைத்த அவ்விருவரும் கடல் கடந்தும் முறையிட முடிந்தது. ஏழைக் கைதியும் சிறை அதிகாரி வாயிலாக மனு அளிக்கலாம். அரசின் செலவில் வழக்கறிஞர் உதவியும் பெறலாம். இவ்வுரிமையை அவன் அறியாதிருப்பின், திறந்த கதவும் அவனுக்கு அடைத்த கதவேயாகும்.

மேல்முறையீடு முதல் நீதிபதிக்கு இழுக்கன்று. தானும் தவறக்கூடும் என்பதை நீதி மறவாதிருத்தலே அதன் பெருமை.