பின்புறம் மட்டும் உயர்ந்தாற் போதுமா?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து மாணவர் ஒருவர் எழுதிய கடிதமே இவ்வாரம் நமக்கு விஷயம் தந்தது. அவருடைய தந்தையார் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதனை முன்பு வைத்திருந்த இளைஞர் அழகு கருதி முன்னும் பின்னும் ஏறத்தாழ இரண்டு அங்குலம் தாழ்த்தியிருந்தாராம். தனியே ஓட்டும்போது குறையொன்றும் தெரிவதில்லை. தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிண்ணியாவிலுள்ள உறவினர் வீட்டிற்குச் செல்லும்போதோ, வேகத்தடைதோறும் வண்டியின் அடிவயிறு உராய்கின்றதாம். ‘பின் ஷொக் இரண்டையும் பழைய உயரத்திற்கு மாற்றினாற் போதும் என்று கராச்சிற் சொல்கிறார்கள், அதற்கு மட்டுமே இப்போது எங்களிடம் பணம் உண்டு. செய்யலாமா?’ என்று கேட்கிறார்.

செய்யலாகாது என்பதே நம் விடை. அதன் காரணத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

வண்டியைத் தாழ்த்துவோர் அனைவரும் பகட்டுக்காரர் என்று ஒதுக்கிவிட நாம் உடன்படோம். உயரம் குறைந்தோர், முழங்கால் நோவுடையோர், புதிதாக ஓட்டப் பழகும் பெண்கள் ஆகியோர்க்குக் கால் நிலத்தில் ஊன்றாவிடில் வண்டி நிற்குமிடமெல்லாம் அச்சந்தான். அவர்களுக்காகத் தாழ்த்தப்பட்டவையும் உண்டு. ஆனால் யாருக்காகச் செய்யப்பட்டதாயினும், கைமாறும்போது அந்த மாற்றமும் வண்டியோடு கூடவே வந்துவிடுகின்றது. இலங்கையில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியை உள்ளது உள்ளபடியே வாங்குவதன்றிப் பல குடும்பங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அன்றியும், 2009இல் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், முன்னர் பாதைப்படகுக்குக் காத்திருந்து கடந்த நீரை இன்று மோட்டார் சைக்கிளிலேயே கடந்து போய் மீள்கின்றனர். ஒருவருக்காகத் தாழ்த்தப்பட்ட வண்டி இருவரையும் மூவரையும் சுமக்கும் குடும்ப வாகனமாகிவிட்டது.

இனி வண்டிக்கு வருவோம். முன் ஷொக் என்று நாம் வழங்கும் உறுப்பு ஒன்றனுள் ஒன்று நுழையும் இரு குழாய்களாலானது. உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கும். அதிர்ச்சியை வில் ஏற்கும். வில் துள்ளாதபடி எண்ணெய் தடுக்கும். இவ்வாறு எண்ணெயால் தணிக்கும் குழாய் அமைப்பை 1935ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் தம் விற்பனை வண்டிகளிற் பொருத்தினர். இன்று தபாற்காரரின் சிறு வண்டியிலும் அந்த அமைப்பே உள்ளது. குழாய்களை மேற்பிடி, கீழ்ப்பிடி என்னும் இரண்டு பிடிகள் இறுகப் பற்றியிருக்கும். அப்பிடிகளைத் தளர்த்திக் குழாயை மேலே தள்ளிவிட்டால் முன்புறம் தாழ்ந்துவிடும். இது எளிய வழி. வில்லை அறுத்துக் குறுக்குவது கெட்ட வழி. அறுத்த வில் மென்மையாகும் என்று பலர் எண்ணுகின்றனர். சுற்றுக் குறையக் குறைய வில் கடினமாகும் என்பதே உண்மை. வாயு விளக்கால் வில்லைச் சுட்டு அமுக்குவோரும் உளர். சுட்ட எஃகு தன் பதத்தை இழந்துவிடும். அது பின்னர் எக்காலத்தும் வில்லாகாது.

மாணவரின் வினாவிற்கு உயிர்நாடி முன்சில்லின் சாய்விலே இருக்கிறது. கையை விட்டுச் சைக்கிள் ஓட்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஹாண்டில் திரும்பும் தண்டு நிமிர்ந்து நில்லாமற் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றது அன்றோ? அத்தண்டின் கோட்டை நிலம்வரை நீட்டினால், சில்லு நிலத்தைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே அது நிலத்தைத் தொடும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையேயுள்ள தூரமே சில்லை நேரே இழுத்துச் செல்லும் கடிவாளம். தூரம் குறைந்தாற் சில்லு அலையும். மிகுந்தால் திருப்பத்திற்கு மறுக்கும்.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். இரு சில்லுகளின் அச்சுகளுக்கும் இடையே 1300 மில்லிமீற்றரும், தண்டின் சாய்வு 26 பாகையும், நாம் சொன்ன தூரம் 90 மில்லிமீற்றரும் உடைய வண்டி ஒன்றைக் கொள்வோம். முன்னும் பின்னும் ஒரே அளவு தாழ்ந்திருக்கும் வரை சாய்வு பெரிதும் மாறுவதில்லை. பின்புறத்தை மட்டும் 50 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அங்குலம், உயர்த்துவோமாயின் வண்டி முழுவதும் முன்னோக்கி இரண்டு பாகைக்குமேற் கவிழும். அந்தத் தூரத்தில் 12 அல்லது 13 மில்லிமீற்றர் போய்விடும். ஏழில் ஒரு பங்கு என்க.

இதில் ஒரு வஞ்சனையும் உண்டு. தாயார் பின்னே அமர்ந்ததும் அவருடைய பாரத்தாற் பின்புறம் இறங்கிச் சாய்வு ஓரளவு சரியாகிவிடும். வண்டி செம்மையாகிவிட்டது என்றே தோன்றும். அவரை உறவினர் வீட்டில் இறக்கிவிட்டுத் தனியே திரும்பும்போது, பாலத்தின் நடுவிற் கச்சான் காற்று பக்கவாட்டில் அறையும் வேளையிலேதான் ஹாண்டில் நடுங்கும். கராச்சின் வாசலில் ஓட்டிப் பார்ப்பதால் இக்குறை அகப்படாது.

ஆகவே முன்புறமும் உடன் உயர வேண்டும். குழாய் மட்டுமே மேலே தள்ளப்பட்டிருந்தால் செலவு அதிகமில்லை, கூலி மட்டுமே. அதே வகையைச் சேர்ந்த, கைபடாத வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து, மேற்பிடிக்கு மேலே குழாய் எவ்வளவு நீண்டிருக்கின்றது என்று அளந்து வருக. பெரும்பாலான வண்டிகளில் அது நீண்டிருப்பதே இல்லை. எஞ்சினுக்கு அடியிற் கட்டை கொடுத்து முன்சில்லை நிலத்தினின்று உயர்த்தியபின் பிடிகளைத் தளர்த்தி, இரு குழாய்களையும் ஒரே அளவில் இறக்க வேண்டும். ஒன்று இரண்டு மில்லிமீற்றர் ஏறியிருந்தாலும் அச்சு கோணும். துறைமுகத்தை அடுத்து வாழ்வோர்க்கு இங்கே தனித் தொல்லையொன்று உண்டு. மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதியைக் கடற்காற்றின் உப்பு தின்றிருக்கும். அத்துருவை மெல்லிய உப்புத்தாளாற் போக்கி எண்ணெய் தடவிய பின்னரே குழாயை இறக்க வேண்டும். ஒயில் சீல் உராயும் பகுதியிலும் குழி விழுந்திருக்குமாயின் புதுக்குழாயே வேண்டும். இல்லையேல் சீல் எத்தனை முறை மாற்றினும் எண்ணெய் கசியும்.

வில் அறுக்கப்பட்டிருந்தால் இரு பக்கத்திற்கும் புதுவில் சோடியாக வாங்குக. எண்ணெயையும் புதிதாக, இரு பக்கமும் ஒரே அளவில், நூலிற் கண்டபடி விடுக. ‘கொஞ்சம் கூட விட்டால் வண்டி எழும்பி நிற்கும்’ என்று சொல்வோரை நம்பற்க. உள்ளே காற்றிற்கு இடமில்லாமற் போனாற் சீல்தான் வெடிக்கும்.

பின் ஷொக்கிலும் இத்தகைய தந்திரம் ஒன்று வழங்குகின்றது. வில்லின் அடியிலுள்ள படிவளையத்தைக் கடைசிப் படிக்கு முறுக்கிவிட்டு, உயரம் வந்துவிட்டது என்பார்கள். வில்லின் நீளம் கூடவில்லை. வில் முன்னமே அமுக்கப்பட்டிருக்கின்றது, அவ்வளவே. ஷொக்கின் மேற்றுளைக்கும் கீழ்த்துளைக்கும் இடையேயுள்ள நீளத்தை அளந்து, கைபடாத வண்டியோடு ஒப்பிடுவதே உண்மையான சோதனை. நடுவே ஒற்றை ஷொக் உள்ள வண்டியில் அது ஒரு சென்ரிமீற்றர் குறைந்தாற் சில்லில் இரண்டு மூன்று சென்ரிமீற்றராகத் தெரியும். வில்லைக் கழற்றும் வேலையை உரிய கருவியில்லாத இடத்திற் கொடுக்க வேண்டா. கயிற்றாற் கட்டி அமுக்கிய வில் விடுபட்டால் கையை முறிக்கும்.

உயரம் மீண்டபின், அந்த உயரத்தை நம்பியிருந்த மற்றவற்றைத் தேட வேண்டும். வண்டி தாழ்ந்தபோது பக்க ஸ்ராண்டையும் வெட்டிக் குறுக்கியிருப்பார்கள். குறுகிய ஸ்ராண்டில் உயர்ந்த வண்டி மிகச் சாய்ந்து விழும். பின்சில்லின் கரம் கோணம் மாறுவதாற் சங்கிலியின் தளர்ச்சி மாறும். ஆள் ஏறி அமர்ந்த நிலையிற் பார்த்துச் சரிசெய்க. பிறேக் குழாயும் கம்பிகளும் ஹாண்டிலை இருபுறமும் முற்றத் திருப்பும்போது இழுபடாமல் இருக்கின்றனவா என்றும் காண்க. முன்விளக்கை இரவில் ஒரு சுவரின் எதிரே நிறுத்திச் சீர்செய்தல் வேண்டும். கோட்டையிலும் கடற்கரை வீதிகளிலும் புள்ளிமான்கள் உலவும் ஊர் திருகோணமலை. ஒளி தரையிலே விழுந்து நின்றால் மான் தெரியாது. மேலே ஏறினால் எதிரே வருபவர்க்குப் பாதை தெரியாது.

பணம் ஒரு பக்கத்திற்கே உண்டு என்கிறார் மாணவர். அப்படியாயின் இம்மாதம் பின் ஷொக்கை வாங்கி வீட்டில் வைக்கட்டும், பொருத்த வேண்டா. முன் வேலைக்கும் பணம் சேர்ந்த பின்னர் இரண்டையும் ஒரே நாளிற் செய்விக்கட்டும். அதுவரை தாயார் பஸ்ஸிற் செல்வதே நன்று. உராயும் வண்டி திருப்பத்தில் உராய்ந்தாற் சில்லையே நிலத்தினின்று கிளப்பிவிடும். வேலை முடிந்ததும் முதலிற் தனியே, மெதுவாக, சீனன்குடாவரை ஓட்டித் திரும்பிப் பிடிகளின் போல்ட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பார்த்த பின்னரே பின்னிருக்கைக்கு ஆள் ஏற்றலாம்.

கடிதத்தின் அடியில், தம் தமக்கையாரும் இதே வண்டியில் ஓட்டப் பழகுகின்றார் என்றும் உயர்த்தினால் அவருக்குக் கால் எட்டாதே என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். இருக்கையை மெத்தை தைப்பவரிடம் கொடுத்து, முன்பகுதிப் பஞ்சில் ஓர் அங்குலம் சீவி இருபக்க விளிம்புகளையும் ஒடுக்கித் தரச் சொல்லட்டும். ஷொக்கைத் தொடாமலே தமக்கையாரின் பாதம் நிலத்தை நெருங்கும். தாயார் அமரும் பின்பகுதி இருந்தபடியே இருக்கும்.