ஆய்வேடும் ஓர் அமானிதமே

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தாம் நேரிற் கேளாத ஒரேயொரு நபிமொழியை அறிவதற்காக ஒட்டகம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் நாட்டில் வாழ்ந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாயிலை அடைந்தார்கள் என்பது வரலாறு. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், திரும்பினார்கள். கல்விக்காக மேற்கொள்ளும் பயணத்தின் அருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இந்நிகழ்ச்சியில் மற்றொரு செய்தியும் உண்டு. அந்த நபிமொழி யாரிடம் இருக்கிறது என்பது ஜாபிர் (ரலி) அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதிருப்பின் அவர்கள் எத்திசை நோக்கிப் புறப்பட்டிருப்பார்கள்?

தமிழ் ஆய்வுலகில் இன்று நம்மை வாட்டும் வினா இதுவேயாகும். எந்த ஆய்வு எவரிடம், எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு மாங்காட்டிலிருந்து ஆய்வு மாணவர் ஒருவர் ஓர் ஆய்வேட்டைப் பார்க்க விரும்பினால், குமணன்சாவடிக்கு வந்து, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் பேருந்து மாறி, இருபது கிலோமீட்டருக்கு மேல் கடந்து சேப்பாக்கம் செல்ல வேண்டும். நெறியாளரின் பரிந்துரைக் கடிதம் கையில் இருத்தல் வேண்டும். ஆய்வேடு நூலகத்தில் இருக்கலாம், கட்டமைப்புக்குச் சென்றிருக்கலாம். தேடிய நூல் மதுரையிலோ திருச்சியிலோ இருப்பின் இரவுப் பயணமும் விடுதிச் செலவும் கூடும். வசதியற்ற மாணவரும், வெளியூர் செல்ல வீட்டில் இசைவு பெறாத மாணவியரும் அந்த ஆய்வேட்டைப் பாராமலே தம் ஆய்வை முடித்தனர். முன்பே செய்யப்பட்ட ஆய்வு மீண்டும் மீண்டும் செய்யப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

இந்நிலையை மாற்றிய பெருமை 'சோத்கங்கா' என்னும் மின்களஞ்சியத்துக்கு உரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ்க் குஜராத் மாநிலம் காந்திநகரில் இயங்கும் 'இன்ஃப்ளிப்நெட்' நடுவம் இதனை நடத்துகிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் ஒப்படைக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் வகுத்தன. 2016ஆம் ஆண்டு நெறிமுறைகள், பட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே மின்படி இந்நடுவத்துக்குச் சென்று சேர வேண்டும் என்று வலியுறுத்தின. இன்று ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் உள்ளன. சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களின் தமிழ் ஆய்வேடுகளையும் அதிற் காணலாம். கட்டணம் இல்லை, பரிந்துரைக் கடிதமும் வேண்டா. மாங்காட்டில் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு மாணவி கைப்பேசியிலேயே ஆய்வேட்டை இயல் இயலாகத் திறந்து படிக்கலாம். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒரு மாதப் பயணம் ஒரு நொடியாகச் சுருங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றும். அவ்வாறு சொல்லிவிட முடியாது என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுந்தது.

தேடியும் கிட்டாமை ஏன்?

களஞ்சியத்தில் இருப்பது வேறு; தேடுபவர் கண்ணிற் படுவது வேறு. தமிழ் ஆய்வேடுகளுக்கு இவ்விரண்டுக்கும் இடைவெளி பெரிது.

முதலாவது, பெயர். பல ஆய்வேடுகளின் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் பெயர்த்தெழுதப்பட்டே பதிவாகியுள்ளன. பெயர்த்தெழுதுவதற்கு எல்லாரும் பின்பற்றும் ஒரே முறை இல்லை. 'மாங்காடு' என்னும் நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ககரத்துக்கு ஒருவர் 'ஜி' என்னும் எழுத்தை இடுவார். மற்றொருவர் 'கே' என்னும் எழுத்தை இடுவார். நெட்டெழுத்துக்கு ஒருவர் ஓர் 'ஏ' இடுவார். வேறொருவர் இரண்டு இடுவார். 'சீறாப்புராணம்' படும் பாடு இதனினும் பெரிது. சகரத்துக்கு இருவகை, றகரத்துக்கு இருவகை, சொல்லைச் சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும் என ஒரே காப்பியம் பல பெயர்களில் உலவுகிறது. தமிழிலேயே பதிவு செய்தாலும் 'இஸ்லாமிய', 'இசுலாமிய' என இருவகை எழுத்து உண்டு. ஒன்றைத் தேடியவருக்கு மற்றொன்று அகப்படாது.

இரண்டாவது, எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு கணினியில் தட்டச்சான ஆய்வேடுகள் பாமினி முதலிய தனித்தனி எழுத்துருக்களில் அமைந்தவை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும், 2010இல் ஒருங்குறியையும் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருப் பழக்கம் நெடுங்காலம் நீங்கவில்லை. அத்தகைய கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். வேறு சில ஆய்வேடுகள் தாளைப் படம்பிடித்தவாறே ஏற்றப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு சொல்லைத் தேடினால் ஒன்றும் கிட்டாது. 'இல்லை' என்று கணினி விடை தந்தால், 'இவ்வழியில் அகப்படவில்லை' என்றே மாணவர் பொருள் கொள்ள வேண்டும். 'இத்தலைப்பில் இதுவரை ஆய்வு நிகழவில்லை' என்று முன்னுரையில் எழுதுமுன் இதனை நினைவிற் கொள்வது நன்று.

எனவே மாணவர்க்குச் சில சொல்வோம். தலைப்பைக் கொண்டு மட்டும் தேடாதீர்கள். பல்கலைக்கழகம், துறை, ஆண்டு என்ற வரிசையிற் புகுந்து பட்டியலை முழுதும் பாருங்கள். நெறியாளர் பெயரைக் கொண்டு தேடுங்கள். ஒரு துறையில் ஆழங்காற்பட்ட பேராசிரியரிடம் அத்துறை சார்ந்த ஆய்வுகள் பல நிகழ்ந்திருக்கும். ஓர் ஆய்வேடு கிடைத்தவுடன் முதலில் அதன் துணைநூற் பட்டியலைப் படியுங்கள். அங்கிருந்து வேறு பல ஆய்வேடுகளுக்கு வழி பிறக்கும். முடிவுரையில் 'மேலாய்வுக்குரிய களங்கள்' என்று நம் ஆய்வாளர் குறித்து வைக்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள். அது முன்னவர் பின்னவர்க்கு விட்டுச்சென்ற சீட்டு. தலைப்பின்றித் தவிக்கும் மாணவர் எத்தனையோ பேர்; அச்சீட்டைப் பிரித்துப் பார்த்தவர் சிலரே.

பேழையில் உறங்குபவை

இதுகாறும் கூறியது களஞ்சியத்துள் சென்று சேர்ந்தவற்றைப் பற்றியது. நம் கவலையெல்லாம் சேராதவற்றைப் பற்றியதாகும்.

சோத்கங்கா பெரிதும் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு உரியது. இளமுனைவர் பட்டத்துக்கும் முதுகலைப் பட்டத்துக்கும் எழுதப்பட்ட ஆய்வேடுகளைக் காப்பதற்கு அதுபோன்ற ஒரு நாடு தழுவிய ஏற்பாடு நம் கல்லூரிகளை எட்டவில்லை. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் முதலிய இலக்கிய வகைகளைப் பற்றியும், தர்காக்களைச் சுற்றிய வழக்காறுகளைப் பற்றியும், ஊர்தோறும் வாழ்ந்து மறைந்த புலவர்களைப் பற்றியும் கள ஆய்வு செய்தவர்களுள் பெரும்பாலோர் இளமுனைவர் மாணவர்களே. அவர்கள் கண்டு பேசிய முதியவர்கள் பலர் இன்றில்லை. அவர்கள் சொன்ன செய்திகள் அந்த ஆய்வேட்டில் மட்டுமே எஞ்சியிருக்கும். மானியக் குழுவின் 2022 நவம்பர் நெறிமுறைகளோடு இளமுனைவர் பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. இனிப் புதிய ஏடுகள் அவ்வரிசையிற் சேரப்போவதில்லை. உள்ளவையோ கல்லூரித் துறைகளின் இரும்புப் பேழைகளில் கறுப்பு அட்டையும் பொன்னெழுத்துமாக உறங்குகின்றன. இடம் போதவில்லை என்று யாரேனும் ஒருநாள் அவற்றை அகற்றினால், கேட்பதற்கு எவரும் இரார்.

முதுகலை மாணவரின் ஏட்டில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று வினவுவோர்க்கு ஒரு சான்று காட்டுவோம். இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ் அவர்கள் முதுகலைப் பட்டத்துக்காக மேற்கொண்ட ஆய்வே, முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை எடுத்துரைக்கும் நூலாக 1953இல் வெளிவந்தது. அவரே பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்தார், பேராசிரியர் பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். ஒரு துறைக்கே கால்கோளிட்டது ஒரு முதுகலை ஆய்வு. அது அச்சேறாமற் பேழையிற் கிடந்திருப்பின் நம் இழப்பு எத்துணையாகும்!

இழப்பு நமக்குப் புதியதன்று. இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழைமையானதாகக் கருதப்படும் பல்சந்தமாலையில் இன்று எஞ்சியவை எட்டுப் பாடல்களே. அவையும் களவியற் காரிகை உரையில் மேற்கோளாக இடம்பெற்றமையாற் பிழைத்தன. பாடியவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அச்சு வாகனம் ஏறியது 1842ஆம் ஆண்டிலேதான். புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதனைப் பதிப்பித்தார்கள். எட்டுப் பாடலைக் காத்தவர் ஓர் உரையாசிரியர். காப்பியத்தைக் காத்தவர் ஒரு பதிப்பாசிரியர். நம் காலத்து ஆய்வேடுகளைக் காப்பவர் யார்?

இரண்டு ஐயங்கள்

ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றினால் திருடிவிடுவார்களே என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் எண்ணிப் பார்த்தால், திருட்டுக்கு வசதியான இடம் பூட்டிய பேழையே என்பது விளங்கும். எவரும் பார்த்திராத ஏட்டினைப் பெயர் மாற்றித் தன்னதாக்கினால் கண்டுபிடிப்பவர் எவர்? திறந்து வைத்த ஏட்டுக்கு ஆண்டும் பெயரும் சான்றாக நிற்கும், உலகமே சாட்சியாகும். ஆய்வுத் திருட்டைத் தடுக்க மானியக் குழு 2018இல் தனி நெறிமுறைகளையே வகுத்துள்ளது. ஒப்பிட்டுப் பார்க்க மூல ஏடு கண்முன் இருந்தால்தான் அவை பயன் தரும். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒவ்வொரு செய்தியையும் 'இன்னாரிடம் இன்னார் கேட்டார்' என்ற அறிவிப்பாளர் தொடரோடு சேர்த்தே ஏற்றனர். தொடர் அறுந்த செய்தியை ஐயுற்றனர். அம்மரபில் வந்த நமக்கு, அடிக்குறிப்பின்றிப் பிறர் உழைப்பை எடுத்தாள்வது இழுக்கு என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தரங்குறைந்த ஏடுகள் வெளிப்பட்டால் துறைக்கு இழிவாகாதா என்பது மற்றோர் ஐயம். சில ஏடுகள் நம்மைத் தலைகுனியச் செய்யும் என்பது மெய்யே. ஆயினும் தம் ஏட்டை நாளை பிறர் படிப்பர் என்ற எண்ணமே எழுதுபவரையும் நெறியாளரையும் விழிப்புடன் இருக்கச் செய்யும். மறைத்து வைப்பதால் தரம் உயர்ந்ததாக நாம் அறியோம்.

நாம் செய்ய வேண்டுவன

அரசும் பல்கலைக்கழகங்களும் செய்யட்டும் என்று காத்திருப்பது பெருமையன்று. நம் கல்லூரிகளைத் தோற்றுவித்த வள்ளல்கள் அவ்வாறு காத்திருக்கவில்லை. ஆகவே மூன்று பணிகளை முன்மொழிகிறோம்.

முதற்பணி பட்டியல். துறைதோறும் உள்ள ஆய்வேடுகளின் தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், ஆண்டு, பக்க அளவு ஆகியவற்றை ஒருங்குறித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வெளியிடுதல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, நாட்டுநலப் பணித்திட்ட மாணவர் சிலர் ஒரு விடுமுறையில் முடித்துவிடுவர். எங்கே இருக்கிறது என்பது தெரிந்தாலே பாதித் துன்பம் தீரும்.

இரண்டாம் பணி மின்படி. ஆய்வேட்டின் உரிமை எழுதியவருக்கு உரியது. ஆதலின் முன்னாள் மாணவர் சங்கத்தின் வழியாக அவர்தம் எழுத்துவழி இசைவைப் பெற்றபின் ஏற்றுவதே முறை. ஏடு நூலாக வெளிவர வேண்டும் என்று விரும்புவோர் சில காலம் நிறுத்தி வைக்கக் கேட்டால் அதற்கும் இடமளிக்கலாம். 'டிஸ்பேஸ்' என்னும் களஞ்சிய மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. சோத்கங்காவும் அதன் மீதே கட்டப்பட்டது.

மூன்றாம் பணி காப்பு. ஒரே இடத்தில் ஒரே படி என்பது பெருந்தவறு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. மின்வடிவம் எரியாது என்று இறுமாந்திருக்கவும் இயலாது. 2023 அக்டோபரில் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அந்நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தேடித்தரும் அதன் சேவை பல மாதங்கள் முடங்கிற்று. ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்து நிற்பது நமக்கு நல்ல முன்மாதிரி. கல்லூரியில் ஒரு படி, பல்கலைக்கழகத்தில் ஒரு படி, வெளியூர்க் களஞ்சியம் ஒன்றில் ஒரு படி என மூன்றிடத்திலேனும் நம் ஏடுகள் இருத்தல் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்களே! கட்டடங்களுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் நீங்கள் வாரி வழங்கியதை நாடறியும். ஒரு படக்கருவிக்கும் ஒரு கணினிக்கும் ஆகும் பொருளை இப்பணிக்கு ஒதுக்குங்கள். பயன்தரும் கல்வி, அதனை விட்டுச் சென்றவருக்கு இறந்த பின்னும் நன்மை சேர்க்கும் நிலையான தர்மம் என்பது நம் நம்பிக்கை.

ஓர் இளைஞர் ஈராண்டு உழைத்து, ஊர் ஊராய் அலைந்து, எழுதிய ஏட்டை நம் கையில் ஒப்படைத்துச் சென்றார். அது அவர் தந்த காணிக்கையன்று. நம்மிடம் விட்டுச் சென்ற அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது கடமை. அதற்கு உரியவர், இனி வந்து தேடப்போகும் மாணவர். அவர் எத்திசையிலிருந்து வந்தாலும் வாயில் திறந்திருக்கட்டும். வல்ல இறைவன் துணைபுரிவானாக!