மலையாளின்னா கேரளாவா? ஏற்காட்டில் டூரிஸ்ட்டுகள் தவறவிடும் கதை

மே மாதம் ஏற்காடு போனால் அண்ணா பூங்காவில் கால் வைக்க இடம் இருக்காது. கோடை விழா, மலர் கண்காட்சி, பூக்களால் செய்த பெரிய பெரிய உருவங்கள், அதற்கு முன்னால் செல்ஃபி. அதே மே மாதத்தில்தான் சேர்வராயன் கோயில் திருவிழாவும். குகைக்குள் இருக்கும் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட மலைக் கிராமங்களே திரண்டு வரும். வருபவர்கள் மலையாளி மக்கள் என்று சொன்னால், "கேரளாவா?" என்று கேட்கும் டூரிஸ்ட்டுகள்தான் அதிகம்.

கேரளா இல்லை. மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர். பேசுவது தமிழ். அரசுப் பட்டியலில் பழங்குடியினர். காஞ்சிபுரத்தில் இருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

இதையெல்லாம் சொல்ல ஒரு நிரந்தரக் கண்காட்சி வைக்கலாமே? தாராளமாக வைக்கலாம். ஆனால் நாலு ஓலைக் குடிசை, கையில் கம்போடு ஒரு பொம்மை, பக்கத்தில் ஒரு போர்டு என்று முடித்துவிட்டால் அது வெறும் போட்டோ பாயின்ட்தான்.

இந்த விஷயத்தில் உலகப் புகழ் பெற்ற உதாரணம், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1982-ல் திறந்த டிஸ்னியின் எப்காட் பூங்கா. அங்கே 11 நாடுகளுக்குத் தனித்தனி அரங்கு. பெரும்பாலும் அந்தந்த நாட்டு இளைஞர்களையே வேலைக்கு வைத்தார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் நார்வே அரங்கில் வைக்கிங் காலத்தைக் காட்டிய படகுச் சவாரியை 2014-ல் மூடிவிட்டு, 2016-ல் 'ஃப்ரோசன்' படத்தின் சவாரியைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாட்டின் வரலாறு போன இடத்தில் ஒரு கார்ட்டூன் இளவரசி! கூட்டம் எதற்கு வருமோ அதுதான் நிற்கும்.

நம்ம ஊரிலேயே வேறு வழி இருக்கிறது. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். தூணும் கதவும் அசல். கைவினைக் கலைஞர்கள் கண்முன்னே வேலை செய்கிறார்கள். நாம் கேள்வி கேட்கலாம்.

ஏற்காட்டுக்கு அதுகூடத் தேவையில்லை. வீடுகளும் மனிதர்களும் அதே மலையில் இருக்கிறார்கள். தேவை, முழுக் கதையையும் சொல்லும் தைரியம். சாமையும் தினையும் விளைந்த மலைக்கு 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். பிறகு எஸ்டேட்டுகள் வந்தன. அந்த நிலத்தில் அதற்கு முன்பு யார் இருந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்பதும் கண்காட்சியில் இருக்க வேண்டும். பைக்கில் சேலத்துக்குக் காலேஜ் போகும் மலையாளி இளைஞரும் இருக்க வேண்டும்.

ஆரம்பிக்கப் பெரிய பட்ஜெட் வேண்டாம். அடுத்த கோடை விழாவில் பூங்காவின் ஒரு மூலையைக் கொடுத்துப் பார்க்கலாம். சாமைச் சோறு ஆக்கியவரே தன் ஊர்க் கதையைச் சொல்லட்டும். என்ன காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். டிக்கெட் காசில் ஒரு பங்கும் அந்தக் கிராமங்களுக்கே போகட்டும்.