முதல் பந்தி குட்டிகளுக்கு



இந்த இதழின் அட்டையை ஆப்பிரிக்கக் காட்டுநாய்க்குக் கொடுத்திருக்கிறோம். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக அப்பிய உடம்பு, விரிந்த வட்டக் காதுகள், நீண்ட ஒல்லிக் கால்கள், நுனியில் வெள்ளை முடி பொங்கிய வால். ஆப்பிரிக்கச் சரணாலயங்களுக்குப் போகிறவர்கள் சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஐந்தையும் பார்த்தாயிற்றா என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். அந்த ஐந்தில் இதற்கு இடமில்லை. ஆனால் அந்தக் காடுகளில் பல நாள் சுற்றியும் ஒரு காட்டுநாயைக்கூடப் பார்க்காமல் திரும்புவதுதான் சாதாரணமாக நடக்கிறது.

கண்டம் முழுவதிலும் வளர்ந்த நாய்கள் சுமார் 6,600 என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். மதிப்பீடு. அவற்றிலும் இனப்பெருக்கக் கணக்கில் சேர்பவை ஏறத்தாழ 1,400 மட்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்த விலங்கின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் தலைமை ஜோடி மட்டுமே குட்டி போடும். மற்றவை அந்தக் குட்டிகளை வளர்க்கும். ஒரே ஈற்றில் பத்துக் குட்டிகள் பிறப்பது சகஜம். ஒரு தாய் தனியாக அத்தனை வாய்க்கும் இரை தேட முடியாது. சித்தி, சித்தப்பா, அண்ணன், அக்கா எல்லாரும் வேண்டும்.

ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிக் கைவிட்டுப் போன வளைதான் பிரசவ அறை. வேட்டைக்குப் போகும்போது ஒன்றிரண்டு பெரிய நாய்கள் வளையருகே காவலுக்குத் தங்கிவிடும். போனவை வயிறு நிறைய இறைச்சியோடு திரும்பும். குட்டிகள் ஓடிவந்து அவற்றின் வாயோரத்தை நக்கிக் கெஞ்சும். உடனே பெரியவை தலையைத் தாழ்த்தி, விழுங்கிவந்ததைக் கக்கிக் கொடுக்கும். காவலுக்கு இருந்தவற்றுக்கும் பங்கு உண்டு. காயம்பட்டு ஓட முடியாமல் பின்தங்கியதற்கும் பல கூட்டங்களில் பங்கு உண்டு. குட்டிகள் கொஞ்சம் வளர்ந்து வேட்டைக் களத்துக்கே வரத் தொடங்கியபின் முதல் பந்தி அவற்றுக்குத்தான். பெரியவை விலகி நிற்கும். சிங்கக் கூட்டத்தில் இரை விழுந்ததும் குட்டிகள் முட்டி மோதி மிச்சத்துக்குக் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி வியப்பாக இருக்கும்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. வேட்டைக்குக் கிளம்பும் முன் நாய்கள் எழுந்து ஒன்றையொன்று உரசி, குதித்து, ஆரவாரம் செய்யும். அப்போது அவை தும்மும். தும்மல் எத்தனை அதிகமோ அத்தனைக்கு அந்தக் கூட்டம் கிளம்பிப் போகும் வாய்ப்பும் அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். தலைமை நாய் ஆரவாரத்தைத் தொடங்கியிருந்தால் மூன்று தும்மல் போதும். சாதாரண உறுப்பினர் தொடங்கினால் பத்து வேண்டும். பெரியவர் சொல்லுக்கு மதிப்பு கூடுதல்தான், ஆனால் சின்னவர் சொல்லும் போதிய ஆதரவு கிடைத்தால் எடுபடுகிறது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்தது.

இப்படிப்பட்ட விலங்கைத்தான் மனிதர்கள் பல பத்தாண்டுகள் கண்ட இடத்தில் சுட்டார்கள். மான்களை ஓட ஓட விரட்டிக் கடித்துக் குதறும் கொடூரப் பிராணி என்று பெயர் வாங்கியிருந்தது. ஆடு மாடு வளர்ப்பவர்கள் மட்டுமல்ல, தேசியப் பூங்காக்களின் காவலர்களே சுட்டார்கள். நம் நாட்டிலும் வெள்ளையர் ஆட்சியில் செந்நாயைக் கொன்றால் சன்மானம் கொடுத்தார்கள். செந்நாய் அப்படிப்பட்டதல்ல என்று நமக்கு எடுத்துச்சொல்ல, 1970-களில் பந்திப்பூர்க் காட்டில் அவற்றின் பின்னால் நடந்த நம்மூர்க் காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் வர வேண்டியிருந்தது.

துப்பாக்கி ஓய்ந்தபின்னும் காட்டுநாய் மீளவில்லை. ஒரு கூட்டத்துக்குச் சில நூறு சதுர கிலோமீட்டர் காடு தேவை, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல். எந்தச் சரணாலயத்தின் வேலியும் அந்த எல்லையை மதித்துப் போடப்பட்டதல்ல. வேலியைத் தாண்டினால் ஊர். ஊரில் வளர்ப்பு நாய்கள். அவற்றிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் தொற்றும். ஒட்டி உறவாடும் கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். கென்யாவின் லைக்கிப்பியாவில் காணாமலே போயிருந்த காட்டுநாய்கள் திரும்பி வந்து பெருகியிருந்தன. 2017-ல் டிஸ்டெம்பர் வந்து அந்த நாய்களை ஏறக்குறைய முழுசாகத் துடைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1990-களின் நடுவில் நானூறுக்கு மேல் இருந்தவை, சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போயின. வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இவை குளிர்ச்சியான வேளைகளில் வேட்டையாடுபவை. வெயில் கடுமையான பருவங்களில் பிழைக்கும் குட்டிகள் குறைவு என்று கென்யா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே மூன்று நாட்டு ஆய்வுகளும் காட்டுகின்றன.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது கம்பிக் கண்ணிதான். இம்பாலா மானுக்காக யாரோ மரத்தடியில் கட்டிவைத்த சுருக்கு. அந்த வழியாக ஓடிவரும் நாயின் கழுத்தில் மாட்டுகிறது. அது திமிறத் திமிற இறுகுகிறது. கம்பி அறுந்து நாய் தப்பினாலும் சுருக்கு கழுத்திலேயே இருக்கும். தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கும். ஓடுவதே பிழைப்பான விலங்கு அந்தக் காயத்தோடு கூட்டத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அது தலைமைப் பெண்ணாக இருந்தால் அந்த ஆண்டின் குட்டிகள் அத்தனையும் போய்விடக்கூடும். கூட்டம் நாலைந்தாகச் சுருங்கிவிட்டால் காவலுக்கு ஆள் நிறுத்தவும் வேட்டைக்கு ஆள் அனுப்பவும் போதாமல் கூட்டமே கலைந்துபோகும். ஒரு நாய் செத்தால் ஒன்றுதான் குறைந்தது என்று இவற்றின் கணக்கில் எழுத முடியாது.

ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவை ஒட்டி இயங்கும் ஓர் அமைப்பு, உள்ளூர் ஆட்களைக் கொண்டே நாள்தோறும் காட்டில் நடந்து கண்ணிகளைத் தேடி எடுக்கிறது. எடுத்த கம்பியை அந்த ஊர்க் கலைஞர்கள் வளைத்து முறுக்கி நாய், யானை, மான் என்று பொம்மை செய்து விற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் காட்டு முகாமுக்கு அழைத்துப்போய்த் தங்கவைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சிறுசிறு சரணாலயங்களில் இருக்கும் கூட்டங்களுக்குள் உறவுக் கலப்பு நேராதபடி ஆண்களையும் பெண்களையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வண்டியிலும் விமானத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். உள்நாட்டுப் போரில் சீரழிந்த மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில் காட்டுநாய் இல்லாமலே போயிருந்தது. அங்கே 2018-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 நாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களில் வளைக்குள் குட்டிகள் வந்தன.

உங்களில் சிலர் ஆப்பிரிக்கப் பயணத்துக்குத் திட்டமிடுவது எனக்குத் தெரியும். குரூகருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே காட்டுநாய்களைக் கணக்கெடுப்பதற்குப் பயணிகள் எடுக்கும் படங்களையும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு நாயின் திட்டும் வேறு, ஒரே நாயில் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி. அதனால் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். இரண்டு விலாப்பக்கமும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை நாய், குட்டிகள் உண்டா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதன் கழுத்திலாவது கம்பி தெரிந்தால் அடுத்த முகாம்வரை காத்திருக்காமல் வழியில் தென்படும் பூங்கா ஊழியரிடமே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்