ஆய்வு மாணவனுக்கு உலகக் கவலை எதற்கு?

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று பிஎச்.டி. ஆராய்ச்சி செய்யும் பிள்ளை ஒருவர் இருக்கிறார். தகப்பனார் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவராக இருப்பார். அல்லது ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். பிள்ளை எம்.எஸ்.சி. முடித்து, தேர்வு எழுதித் தேறி, ஐந்து ஆறு ஆண்டுகள் பிடிக்கும் ஆராய்ச்சியில் இறங்கியிருப்பான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவனாகவே இருக்கவும் கூடும். பெண் பிள்ளைகளும் இப்படிப் படிக்கிறார்கள். அவர்கள் மீது கல்யாணப் பேச்சின் பாரமும் சேர்ந்து விழுகிறது.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி வீடுகளில் ஒரு குறை பேசப்படுகிறது. கூடப் படித்தவர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இவன் மட்டும் இன்னும் மாணவன். போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உக்ரைன் என்கிறான், காசா என்கிறான், அமெரிக்காவின் வரி விதிப்பு என்கிறான். "முதலில் பட்டத்தை வாங்குகிற வழியைப் பார், உலகத்தைப் பிறகு திருத்தலாம்" என்று தகப்பனார் சலித்துக்கொள்கிறார்.

தகப்பனாரின் சலிப்பு புரிந்துகொள்ளக் கூடியதே. கடன் வாங்கிப் படிக்க வைத்தவருக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் உலக விவகாரம் வேறு, பிள்ளையின் பிழைப்பு வேறு என்று அவர் நினைப்பதுதான் சரியா என்று பார்க்க வேண்டும்.

மெஸ் பில்லில் உலகம்

ஆய்வு மாணவனின் ஒரு நாள் விடுதி மெஸ்ஸில் தொடங்குகிறது. இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடம் போகிறான். முதல் நாள் தொடங்கிய சோதனை பெரும்பாலும் எதிர்பார்த்தபடி வந்திருக்காது. திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மாலை நான்கு மணிக்கு கேண்டீனில் தேநீர். உலக விவகாரங்கள் அலசப்படுவது அங்கேதான். விலை உயர்ந்த கருவிகளைப் பல மாணவர்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒருவனுக்கு ஒதுக்கப்படும் நேரம் சில நாட்களில் நள்ளிரவுக்கு மேல் வரும். விடியற்காலையில் அறைக்குத் திரும்புகிறவனுக்கு ஓவர்டைம் கிடையாது.

அந்த மெஸ்ஸில் மாதச் செலவை மாணவர்களே பங்கிட்டுக் கொடுப்பது பல விடுதிகளின் வழக்கம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. இந்தியாவுக்குச் சூரியகாந்தி எண்ணெயை மிக அதிகமாக அனுப்பி வந்த நாடு உக்ரைன். அங்கிருந்து கப்பல் வருவது தடைப்பட்டதும் எண்ணெய் விலை ஏறியது. பாமாயிலுக்கு மாறலாம் என்றால், அந்த ஏப்ரல் 28 ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 ஆம் தேதிதான் மறுபடி திறந்துவிட்டது. பூரி தட்டில் வருவது குறைந்ததற்கும் மெஸ் பில் கூடியதற்கும் காரணம் சமையற்காரர் அல்ல என்பதை அந்த மாணவன் அறிவான். அதே மாதங்களில் மளிகைக்கடையில் அவனுடைய தாயாரும் அதே காரணத்துக்காகத்தான் கூடுதலாகக் கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்தின் கதையும் இதுதான். ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் கருவியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே இனத்தைச் சேர்ந்த பெரிய காந்தக் கருவிகள் வேதியியல் ஆய்வுக்கூடங்களில் உண்டு. அவற்றின் காந்தத்தை மைனஸ் 269 டிகிரி அளவுக்குக் குளிரில் வைத்திருக்க திரவ ஹீலியம் வேண்டும். இந்தியா தனக்கு வேண்டிய ஹீலியத்தை வெளிநாடுகளிலிருந்துதான் வாங்குகிறது. உலகத் தேவையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கொடுத்து வந்த கத்தார் நாட்டோடு 2017 ஜூனில் சவூதி அரேபியா முதலிய நாடுகள் உறவை முறித்துத் தரைவழியை அடைத்தன. கத்தாரின் ஹீலியம் ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடந்தன. அரபு நாடுகளின் சண்டை, ஆய்வுக்கூடங்களில் காந்தம் சூடேறிவிடுமோ என்ற கவலையாக வந்து சேர்ந்தது.

நாட்டுக்குள்ளே எடுக்கும் முடிவுகளும் அவனைத் தாக்காமல் விடுவதில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வுக்கூட ரசாயனங்களுக்கான சுங்க வரி 10 சதவிகிதத்திலிருந்து 150 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. விஞ்ஞானிகள் கூக்குரல் எழுப்பிய பிறகு, சொந்த உபயோகத்துக்கு வாங்கும் ஆய்வுக்கூடங்களுக்குப் பழைய வரியே போதும் என்று சில நாட்களில் திருத்தப்பட்டது. மேல்நாட்டில் வேலை தேடலாம் என்று நினைத்தவனுக்கு 2025 செப்டம்பரில் இன்னொரு செய்தி வந்தது. எச்-1பி விசாவுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். இத்தனைக்கும் பிறகு அவன் பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்தியைப் படிக்காமல் வேறு எதைப் படிப்பான்?

கும்பகோணத்துக்கு வந்த கடிதம்

இது இன்று முளைத்த பழக்கமும் அல்ல. கணித மேதை ராமானுஜன் 1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டம் இல்லாதவருக்கு இப்படிக் கொடுக்கலாமா என்ற தயக்கத்தை மீறித்தான் வழங்கியது. கணக்குப் புத்தகங்களிலிருந்து விடுபட்டு முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட அந்தப் பணம்தான் வழிசெய்தது.

1914 இல் அவர் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. அந்தச் செப்டம்பரில் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், போர் பக்கத்து நாட்டில்தான் நடக்கிறது என்று ஆறுதல் சொல்லி, போரின் நிலவரத்தையும் எழுதினார். அதாவது, அந்த ஆய்வு மாணவரும் உலக விவகாரத்தை வீட்டுக்குச் சொன்னார். ஆனால் போர் தூரத்தில் நிற்கவில்லை. அவருடைய கல்லூரியிலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். அவரோடு வேலை செய்த கணித அறிஞர் லிட்டில்வுட் ராணுவப் பணிக்குப் போனார். சைவ உணவுக்காரரான ராமானுஜனுக்குக் காய்கறியும் பாலும் கிடைப்பது கஷ்டமாயிற்று. 1917 இல் படுக்கையில் விழுந்தவரால் கடல் ஆபத்துக் காரணமாக உடனே ஊர் திரும்பவும் முடியவில்லை. 1919 இல் திரும்பி, 1920 ஏப்ரலில் 32 வயதில் காலமானார். அவருடைய நோய்க்குப் போர் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் போர்க்காலத்துச் சாப்பாடும் தனிமையும் அவரை வாட்டின என்பதில் ஐயமில்லை.

தங்கவயல் அறிந்த பாடம்

உலகச் சந்தை வீட்டு அடுப்பை எப்படி அணைக்கும் என்பதைக் கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போனவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தோண்டி எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு ஆகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். அப்போது உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழே கிடந்தது. 2020 ஆகஸ்டில் அதே தங்கம் 2,000 டாலரைத் தாண்டியது. அதற்குள் சுரங்கத் தொழிலாளியின் மகன் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவனாகிவிட்டான்.

சுரங்கத்தில் வெட்டியவருக்கு லண்டனில் தங்கம் என்ன விலை என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் சுரங்கம் திறந்திருக்கும் என்பதில்லை. ஆனால் எது வருகிறது என்பதை முன்கூட்டி அறிந்தவர்கள் பிள்ளைகளை வேறு தொழிலுக்குப் பழக்கியிருக்கலாம். இழப்பீட்டை இன்னும் உறுதியாகக் கேட்டிருக்கலாம். அந்தக் குடும்பங்களிலிருந்து ஒரு பிள்ளை ஆராய்ச்சிக்கு வந்து உலகத்தைப் பற்றி யோசிக்கிறான் என்றால், அதை வெட்டிப் பேச்சு என்று தள்ளுவது விவேகமாகாது.

ஏழாம் தேதி யாருக்கு?

வீட்டில் அவனைக் கேட்பதைவிட, அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வில் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2019 ஜனவரி முதல் மாதம் 31,000 ரூபாய் என்று இருந்த உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய் ஆக்கப்பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் கொரோனா வந்தது, உக்ரைன் போர் வந்தது, விலைவாசி ஏறியது. உதவித்தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மத்திய அரசு குமாஸ்தாவுக்கு விலைவாசிப் புள்ளியைப் பார்த்து ஆண்டுக்கு இருமுறை பஞ்சப்படி கணக்கிடப்படுகிறது. ஆய்வு மாணவனுக்குப் பஞ்சப்படி கிடையாது. உலகத்தின் விலையேற்றம் முழுவதும் அவன் தட்டில்தான் இறங்குகிறது.

இந்தத் தேர்வின் உதவித்தொகை கிடைக்காதவர்களின் பாடு இன்னும் மோசம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அவர்களுக்குத் தரப்பட்டு வந்த 8,000 ரூபாயையும் நிறுத்துவதாக 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தது. மாணவர்கள் டெல்லியில் அதன் அலுவலகத்தின் முன்பு நாள்கணக்கில் உட்கார்ந்து போராடிய பிறகே அந்த முடிவு செயலுக்கு வராமல் நின்றது.

தொகை எவ்வளவு என்பதைவிட, அது எப்போது வரும் என்பதே பெரிய உபத்திரவம். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது என்பது நாடு முழுவதும் ஆய்வு மாணவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஏழாம் தேதிக்குள் சம்பளம் என்பது 1936 ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் தந்த உரிமை. 2019 இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பும் மாதச் சம்பளத்துக்கு அதே ஏழாம் தேதியைத்தான் வைத்திருக்கிறது. லேத் ஓட்டும் தகப்பனாருக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் இரவு பகல் நிற்கும் மகனுக்கு இல்லை. அவன் வாங்குவது சம்பளம் அல்ல, உதவியாம். உதவி என்றால் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆகிவிடுமா? மூன்று மாதம் பணம் வராதபோது அவன் சிநேகிதனிடம் கைமாற்று வாங்குகிறான். வீட்டிலே கேட்கக் கூச்சப்படுகிறான். கடைசியில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களில், ஏழை வீட்டுப் பிள்ளைகளே முதலில் போவார்கள்.

ஆகவே, உதவித்தொகை மாதந்தோறும் ஏழாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும். விலைவாசியோடு அது தானாக உயரவும் வழி செய்ய வேண்டும். இந்தக் கோரிக்கையை மாணவர்கள் மட்டும் எழுப்பினால் போதாது. ஏழாம் தேதியின் அருமை தெரிந்த தொழிற்சங்கத்தாரும், பஞ்சப்படிக்காகப் போராடிய அலுவலக ஊழியர்களும் அவர்களோடு சேர்ந்து கேட்டால் அதற்கு வலு உண்டு.

மாணவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கேண்டீனில் அலசுகிற விஷயங்களைத் தமிழில், பேப்பர் படிக்கிற தகப்பனாருக்கும் மளிகைச் சீட்டு எழுதுகிற தாயாருக்கும் புரிகிறபடி அவர்கள் சொல்ல வேண்டும். சமையல் எரிவாயு ஏன் ஏறுகிறது, வேலை செய்யும் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஏன் நின்றது என்பதெல்லாம் வீட்டுக்கு வேண்டிய செய்திகள். மகன் சொல்லத் தொடங்கினால், தகப்பனார் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்கலாம். கேட்டுவிட்டு, "இந்த மாதம் உன் பணம் வந்துவிட்டதா?" என்றும் விசாரிக்கலாம்.